பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் பால் கொடுத்தால் வாந்தி. இது அலர்ஜியா?

கேள்வி:
பையனுக்கு ஏழு மாதம். முதல்முறையாகப் பசும்பால் கலந்த கஞ்சி கொடுத்தேன், சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி, நிற்கவே இல்லை. முகம் வெளுத்து, என் தோளில் துவண்டு கிடந்தான். தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லை. பத்து நாள் கழித்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன், மறுபடி அதேதான். தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டிலும் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அலர்ஜி இல்லைதானே?

பதில்:
லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். லாக்டோஸ் இல்லாத பால் கொடுத்துப் பாருங்களேன்.

பதில்:
தயவுசெய்து கொடுக்காதீர்கள். குழந்தைகள் அலர்ஜிப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், பேதியாகும்; குழந்தை இப்படித் துவளாது. அந்தப் பாலிலும் பால் புரதம் அப்படியே இருக்கும்.

அந்த இரண்டு பரிசோதனைகளும் தேடுவது ஐஜிஇ என்ற ஒரே எதிர்ப்புப் புரதத்தைத்தான். அது தோலிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் மேல் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கும். உணவுப் புரதம் வந்து பட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும். 1921இல் ப்ராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சகா கூஸ்ட்னரின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே தடித்தது. ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதுதான் ஐஜிஇ என்று கண்டுபிடிக்க 1960கள் வரை ஆனது.

உங்கள் பையனுக்கு வந்தது ஐஜிஇ சம்பந்தப்படாத வகை போலத் தெரிகிறது. எஃப்பைஸ் (FPIES) என்போம், உணவுப் புரதத்தால் வரும் குடல் அழற்சி. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் அடுக்கடுக்காக வாந்தி, வெளுப்பு, சோர்வு. தோலில் ஒன்றும் தெரியாது. இதையும் செய்வது நோய் எதிர்ப்பு மண்டலம்தான், ஆனால் குடலுக்குள். நீரிழப்பில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், அதுதான் ஆபத்து. வயிற்றுக் கிருமி என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழந்தை மூன்றாம் முறை எங்களிடம் வந்தது. சலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாங்கள் தவித்தது இன்னும் மறக்கவில்லை.

பதில்:
பெரியவர்களுக்கு ஐஜிஇ வகையும் அது இல்லாத வகையும் கலந்த அலர்ஜியும் உண்டு. எனக்குச் சோறு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோதுதான் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தது தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
பயமாக இருக்கிறது அக்கா. தாய்ப்பாலையும் நிறுத்தணுமா?

பதில்:
தாய்ப்பால் குடித்து நன்றாக இருக்கிறான் என்றால் நிறுத்த வேண்டாம்மா. கொடுத்த நேரம், அளவு, முதல் வாந்தி வந்த நேரம் மூன்றையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடிப்பார். மறுபடி பால் கொடுத்துப் பார்ப்பது மருத்துவமனையில்தான், வீட்டில் வேண்டாம்.