ஜில்லென்றுதானே இருந்தது, எப்படிக் கொப்புளம் வந்தது?

ஓவர்லாக் அக்கா (திருப்பூர்)

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். பதினாறு வருடமாகப் பெடல் மிதித்து வலது கால் முட்டி போய்விட்டது. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன். போன சனிக்கிழமையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் வழக்கமாகப் போடும் வலி ஜெல்லை எடுத்து முட்டி முழுக்க அப்பினேன். தடவினேன் என்று சொன்னால் பொய், ஊத்தப்பத்துக்கு மாவு ஊற்றுகிற கணக்கு. ஜில்லென்று ஏறியது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று மேலே நீ-கேப் (முட்டிக்குப் போடும் இறுக்கமான உறை) மாட்டி, அதன் மேல் சுடுதண்ணிப் பையும் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. நீ-கேப்பை உருவிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விடிவதற்குள் இரண்டு கொப்புளம். ஒன்று பட்டாணி அளவு, இன்னொன்று ஐந்து ரூபாய் நாணயம் அளவு. மாமியார் பற்பசை தடவு என்கிறார், பக்கத்து வீட்டில் இங்க் ஊற்று என்கிறார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சுடுதண்ணிப் பையைக் கை வைத்துப் பார்த்துத்தான் வைத்தேன், பொறுக்கிற சூடுதான். மருந்தோ ஐஸ் மாதிரி. அப்புறம் எப்படிச் சுட்டது? கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாமியாருக்கு ஆறு வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை போடுகிறார். அவரும் இதே ட்யூபைத்தான் இரண்டு முட்டிக்கும் இடுப்புக்கும் ராத்திரி ராத்திரி தேய்க்கிறார். அவருக்கு இது சரிப்படுமா?

மருந்துக்கடை அண்ணாச்சி (கோவில்பட்டி)

தங்கச்சி, கொப்புளத்தைக் குத்தாதீர்கள். மேல்தோல்தான் இப்போதைக்கு அதற்குக் கட்டு. மருந்துப் பிசுக்கு மிச்சம் இருந்தால் மென்மையான சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், வெந்நீர் கூடவே கூடாது. ஐஸையும் நேராக வைக்காதீர்கள். சுத்தமான காஸ் துணியைத் தளர்வாக மூடி, இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் ஜெல்லில் ஜில்லென்று இருப்பது மெந்தால், புதினா வாசனைச் சரக்கு. அது எதையும் குளிர வைப்பதில்லை. நம் தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. சூடு 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறந்து, குளிருது என்று மூளைக்குச் சொல்லும். மெந்தால் பட்டால் குளிரே இல்லாமல் அந்த வாசல் திறந்துகொள்ளும். (என் மகள் நர்சிங் படிக்கிறாள். 2021ல் மருத்துவ நோபல் வாங்கிய இருவரும் இந்த வாசலையும் மெந்தாலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.) ஆக, உங்கள் முட்டி நிஜத்தில் சூடாகிக்கொண்டிருந்தது. மூளைக்கு மட்டும் ஜில்லென்று தந்தி போய்க்கொண்டிருந்தது. சுடுகிறது என்று உணர்ந்து பையைத் தூக்கி எறிய வேண்டிய நேரத்தில் உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

அடுத்தது, அட்டைப் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நம் கடைகளில் விற்கும் வலி ஜெல்களில் நிறைய ஒரே சேர்மானம்தான்: டைக்ளோஃபெனாக் 1.16 சதவீதம், ஆளிவிதை எண்ணெய் 3, மெத்தில் சாலிசிலேட் 10, மெந்தால் 5. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012 செப்டம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டது. இப்படிக் கடையில் சும்மா வாங்கும் வலி மருந்துகளால் தோல் வெந்துபோன 43 பேரைப் பற்றி அதில் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் மெந்தால் 3 சதவீதத்துக்கும் மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்த மருந்துகள். பலருக்கு ஒரே தடவை போட்டதிலேயே, 24 மணி நேரத்துக்குள் கொப்புளித்துவிட்டது. இறுக்கிக் கட்டாதே, சூடு வைக்காதே என்று அதனால்தான் பெட்டியில் போடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

மாமியார் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வார்ஃபரின், அசெனோகூமரால் மாதிரி மாத்திரை என்றால் இந்த ஜெல்லை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். தோல் வழியாக ரத்தத்தில் சேரும். மூன்று இடத்தில் தினமும் தேய்த்தால் மாத்திரையின் வேலை கூடிப்போய், ரத்தம் தேவைக்கு மேல் இளகிவிடலாம். பல் ஈறில் ரத்தம், காரணம் இல்லாமல் தோலில் நீலம், கறுப்பாக மலம் என்று எதையாவது பார்த்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லாவிட்டாலும் ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். எண் கூடினால் ரத்தம் அதிகம் இளகியிருக்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதுதான் அவர் வால்வைக் காப்பாற்றுகிறது.

மாரத்தான் மச்சான் (சென்னை)

அக்கா, உங்களுக்கு முட்டி. எனக்கு எங்கே என்று பொதுவில் சொல்ல முடியாது. ஓட்டத்துக்கு முன் தொடையில் ஜெல் தேய்த்துவிட்டு, கை கழுவாமல் கழிவறைக்குப் போனவன் நான். அன்றைக்கு ஓடிய வேகம் அப்புறம் எனக்கு வரவே இல்லை. கண்ணில் லென்ஸ் போடுகிறவர்களும் கவனம். வெந்நீரில் குளித்துவிட்டு வந்த உடனேயும் போடக்கூடாது, எரிச்சல் இரண்டு மடங்கு.

குன்னூர் குளிர்

அண்ணாச்சி சொன்ன மெத்தில் சாலிசிலேட் எங்கள் ஊர்ச் சரக்குதான். நீலகிரியில் விண்டர்கிரீன் செடி வளர்கிறது. இலையை வடித்து எடுக்கும் எண்ணெய் முழுக்க முழுக்க அதுதான். ஊட்டிக்கு வருகிறவர்கள் வர்க்கியோடு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், விண்டர்கிரீன் ஒரு பாட்டில் வாங்காமல் மலை இறங்குவதில்லை. வலி ஜெல்லின் அந்த மூக்கைத் துளைக்கிற வாசனை இதிலிருந்துதான்.

அந்தப் பாட்டிலைத் தயவுசெய்து டி.வி. ஸ்டாண்டில் வைக்காதீர்கள். சுத்தமான எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். மாத்திரைக் கணக்கில் இருபதுக்கு மேல். ஒரு குழந்தை அதைக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நல்ல மிட்டாய் வாசனை வேறு, அதுதான் எனக்குப் பயம். தேய்ப்பதாக இருந்தாலும் தேங்காய் எண்ணெயில் இதைச் சில சொட்டு மட்டும் கலந்துதான் தேய்க்க வேண்டும்.

பழைய தைலம்

ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் கோடாலித் தைலம் இல்லாத நாள் இல்லை. சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் ஒரு டஜன் வரும். தலைவலி, பஸ் வாந்தி, முட்டிவலி எல்லாவற்றுக்கும் அதுதான். பேரக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கடியில் ஒரு சொட்டு வைப்போம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் பயமுறுத்துகிறார்கள்.

மருந்துக்கடை அண்ணாச்சி (கோவில்பட்டி)

ஐயா, பெரியவர்கள் நெற்றியில் ஒரு சொட்டு தேய்ப்பதை நான் குறை சொல்லவில்லை. என் சட்டைப் பையிலும் ஒரு சின்ன பாட்டில் உண்டு. ஆனால் கைக்குழந்தை மூக்கடியில் வேண்டவே வேண்டாம். மெந்தால் காட்டத்தில் பச்சைக் குழந்தைக்குக் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம். கற்பூரம் சேர்ந்தது என்றால் வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. இரண்டு வயதுக்குள் தொடாதீர்கள். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம்.

தங்கச்சி, ஆறிய பிறகு மறுபடி போடுவதாக இருந்தால் மெல்லிசாக, நாளுக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் இல்லாமல். ஒரு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் ட்யூபை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். சூடு வேண்டுமா, சூடு மட்டும். ஜெல் வேண்டுமா, ஜெல் மட்டும்.

ஓவர்லாக் அக்கா (திருப்பூர்)

பத்து நாள் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கொப்புளம் தானே வற்றித் தோல் உரிகிறது. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். சின்ன கறுப்புத் தழும்பு கொஞ்ச நாள் இருக்கும் என்றார். நீ-கேப்பை மருந்து இல்லாமல் வெறுமனே போட்டுக்கொண்டு மிஷினில் உட்காருகிறேன். லைன் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவும் அனுமதி வாங்கிவிட்டேன்.

மாமியாருக்கு ஐ.என்.ஆர். 3.8 வந்தது. அவருக்கு 2.5லிருந்து 3.5க்குள் இருக்க வேண்டுமாம். இதய டாக்டர் ஜெல்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. கீரையைத் திடீரென்று விட்டுவிட்டாரா, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் எடுத்தாரா என்றெல்லாம் கேட்டார். எதுவும் இல்லை என்றதும், ஜெல்லை விட்டுவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். இன்றைக்கு 3.1. ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்ததாம். பல் துலக்கும்போது வருவது சகஜம் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ட்யூபைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். நேற்று அவர் படுக்கையைத் தட்டி விரித்தால் தலையணைக்கு அடியில் புதுசாக ஒன்று, பாதி பிதுக்கியபடி. பேரனைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போனால் பாட்டி பத்து ரூபாய் தருவாராம்.