புதுப்பிப்பு: தங்கையின் எம்ஆர்ஐ முடிவு வந்துவிட்டது

சிறுவயதில் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்ற பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தங்கைக்கு, முப்பது வயதுக்கு மேல் எக்கோவில் வால்வு கசிவு தெரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பெரியவர்களின் பிறவி இதயக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணரிடம் போகச் சொன்னீர்கள். சென்னையிலேயே பார்த்தோம், நன்றி.

அந்த அறுவை சிகிச்சையில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை ஒட்டுப் போட்டு அகலமாக்கும்போது, அங்குள்ள வால்வு பல நேரம் சரியாக மூடாமல் போய்விடுகிறது. திரும்பி வரும் ரத்தத்தால் இதயத்தின் வலது கீழறை வருடக்கணக்கில் விரிகிறது. அறிகுறி தெரிவதில்லை என்பதுதான் பயமே. தங்கை தினமும் கோயம்பேடு மெட்ரோவில் படியேறி வேலைக்குப் போகிறாள், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் எம்ஆர்ஐயில் அந்த அறையின் கொள்ளளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 150 மி.லி.யைத் தாண்டி 160-ஐ நெருங்குகிறது. அதற்கு மேல் விரிந்தால், வால்வு மாற்றினாலும் அறை பழைய அளவுக்குச் சுருங்குவது கடினமாம்.

ஈசிஜியில் கியூஆர்எஸ் (இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம்) 180 மில்லிசெகண்டுக்குக் கீழேதான், அது பெரிய நிம்மதி. தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு வாய்ப்பு கூடும்.

அப்புறம், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வு வைக்க முடியுமா என்று சிடி ஸ்கேன் பார்த்துச் சொல்வார்கள். குழந்தையில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருந்தால், நன்றாக இருக்கிறார்கள் என்று செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.