யொட் வித்த கதையும் சத்தி எடுத்த கதையும்

கல்குடாப் பொடியன்

படகு வைச்சிருக்கிறவனுக்குக் கடல் ஒத்துவரல்லெண்டா சிரிப்பீங்க. எனக்கு அதுதான். அத்தான் கனடாவுக்குப் போகக்குள்ள தன்ட 28 அடிப் பாய்ப்படக, வெள்ளக்காரர் யொட் எண்டுறத, என்ட தலையில கட்டிப்போட்டுப் போனார். சுற்றுலாக்காரர ஏத்தி ஓடினா மாசச் செலவு வந்திரும் எண்டார். 2019 ஈஸ்டரோட ஆக்கள் வாறது நிண்டுது. அடுத்த வருசம் கொரோனா. 2022ல டீசலுக்கு வரிசையில நிண்ட கதய விடுங்க. படகு சும்மா கிடந்தாலும் தின்னும் கா. கயிறு, பெயின்ற், அடியில ஒட்டுற சிப்பி சுரண்டுற கூலி... வித்துத் துலைப்பம் எண்டு விளம்பரம் போட்டன்.

போன் எடுத்தவங்க முக்காவாசிப் பேரும், "மட்டக்களப்பு வாவிக்குக் கொண்டு வாங்க, பாப்பம்" எண்டாங்க. பாய்ப்படகெண்டா அடியில ஈயம் பூட்டின ஏரா இருக்கு, ஒன்றரை மீற்றர் தண்ணி வேணும். அதவிட, முகத்துவாரம் கோடையில மண்திட்டு மூடிக் கிடக்கும். வாவிக்கும் கடலுக்கும் வழியே இல்ல, மாரி மழைக்குத்தான் திறபடும். பாசிக்குடாவில கன தூரத்துக்கு இடுப்பளவு தண்ணிதான். அதனால கல்குடாப் பக்கம் தள்ளி நங்கூரம் போட்டு, வாறவங்களச் சின்ன வள்ளத்தில ஏத்திப் போய்க் காட்டுவன். ரெண்டு பேருக்கு அந்த வள்ளத்திலயே வயித்தப் பிரட்டி, படகக் காணாமலே கிறுகிட்டாங்க.

கடைசியா வந்தவர் சாய்ந்தமருதுக் காக்கா ஒருத்தர். மூணு தலைமுறையாக் கடல் தொழில். ஏறி ஒண்டும் பேசல்ல. சாரன் மடியில இருந்து ரெண்டு ரூவாக் குத்தி ஒண்ட எடுத்து, குனிஞ்சபடி மேல்தட்டத் தட்டிக்கொண்டே போனார். டிங். டிங். டிங். பாய்மரத்தின்ட கால்மாட்டில, டொப். நிமிந்து என்னப் பார்த்தார். மறுகாவும் தட்டினார். டொப். "உள்ளுக்குத் தண்ணி உறிஞ்சிருக்கு தம்பி" எண்டார். எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குத்தான் ரெண்டு பூச்சுக் கூட அடிச்சிருந்தன். கண்ணுக்கு மறைக்கலாம், காதுக்கு ஏலாதே.

வெள்ளோட்டம் விட்டம். விடியக் கரைக்காத்து நல்லா இருந்தது. ஒம்பது மணி போல அது விழுந்திட்டுது, கடற்காத்து எழும்பல்ல. பாய் தொங்கிப்போய், படகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எண்டு உருளுது. வழமையா நான் சத்தி எடுக்கிற நேரம் அதுதான். அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் முந்தியே குளிசை ஒண்டு போட்டிருந்தன். சுக்கானப் பிடிச்சுக்கொண்டு நல்லாத்தான் நிண்டன். காக்கா எஞ்சினப் பாக்கக் கீழ இறங்கினார். சத்தமே இல்ல. கொஞ்சத்தால மேல வந்தார், முகம் சுண்ணாம்பு. நேர போய் விளிம்பப் பிடிச்சார்.

"நாப்பது வருசத்தில இண்டைக்குத்தான்டா தம்பி!"

கல்லடி மாமா

நீ தப்பினது குளிசையால இல்ல மனே, சுக்கானால. ஓட்டுறவனுக்கு அடுத்த ஆட்டம் எந்தப் பக்கமெண்டு முந்தியே தெரியும், கண்ணும் தூரத்தில இருக்கும். கீழ இறங்கினவருக்குக் கண் "எல்லாம் அசையாம நிக்குது" எண்டும், உள்காது "ஆடுது" எண்டும் சொல்லும். ரெண்டுக்கும் சண்டை. அதோட டீசல் மணமும் சேந்தா ஆர்தான் தாங்குவார்?

நான் ஹெர்மிஸ் கப்பலப் பாக்கச் சுழியோடுறவங்களக் கொண்டு போறனான். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்கள் தாட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல், 50 மீற்றருக்கும் கீழ கிடக்கு. ஓடக்குள்ள ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. நங்கூரம் போட்டு நிண்ட பிறகுதான் வரிசையாத் தொடங்கும். போனப் பாக்காதீங்க, நடுப்பக்கம் இருங்க, கரையில வெளிச்சவீட்டப் பாருங்க எண்டு சொல்லுவன். கேக்கிறதில்ல. வெறும் வயித்தோட வாறதும் பிழை, கொத்து ரொட்டியக் கட்டிப்போட்டு வாறது அதவிடப் பிழை. ரெண்டு கிறீம் கிறேக்கர், ஒரு இஞ்சி ரொஃபி. போதும்.

பார்மசிப் பிள்ளை

குளிசை குடிச்சிட்டா சுக்கான் பிடிச்சீங்க? நல்ல வேலை! சின்னரிசின், டைமென்ஹைட்ரினேற், புறோமெதசின் எல்லாமே நித்திரை கொண்டு வரும். புறோமெதசின் அதிலயும் கூட. படகு ஓட்டுறவங்களுக்கு நான் குடுக்கிறதே இல்ல. மற்றது, குமட்டல் தொடங்கின பிறகு போட்டு வேலையில்ல, சத்தியோட வெளியால வந்திரும். கண் அழுத்தம், புரொஸ்ரேற் வருத்தம் உள்ளவங்க, பிள்ளத்தாச்சிமார் டொக்டரக் கேக்காமத் தொடாதீங்க. வேர்க்கொம்பு சப்பிப் பாருங்க, சிலருக்குக் கேக்கும்.

ஒலுவில் நானா

உங்களுக்காவது வெள்ளோட்டம் விடக் கடல் இருந்திச்சு. 2013ல திறந்த எங்கட துறைமுகத்து வாயில மண் வந்து அடைஞ்ச நேரம், வாப்பாட ஆழ்கடல் போட் உள்ளுக்கு. வாங்க வந்த ஆள் துறைமுகத்துக்குள்ளயே ரெண்டு வட்டம் சுத்திப் பார்த்திட்டு, "கடலில எப்படி ஓடும்?" எண்டு கேட்டான். என்னத்தச் சொல்ற? அவனுக்குச் சத்தியும் வரல்ல, எங்களுக்குக் காசும் வரல்ல.

கல்குடாப் பொடியன்

பார்மசிப் பிள்ளை, ஏச்ச வாங்கிக்கொள்றன். இனிமேல் சுக்கானும் இல்ல, படகும் இல்ல.

வித்தாச்சு. கரைக்கு வந்து மணலில இருந்தம். எனக்கு நிலம் ஆடிக்கொண்டே இருந்தது, அது எப்பவும் பின்னேரம் வரைக்கும் ஆடும். காக்காவும் கையை ஊண்டிக்கொண்டுதான் இருந்தார். பிளேன்ரீ குடிச்ச பிறகு, "அந்த டொப்புக்கு ரெண்டு லட்சம் குறை" எண்டார். நானும் பேசல்ல. ஒளிச்சது நான்தானே. பதிவுக் கடதாசியெல்லாம் மாத்தி எடுக்க மாசம் ஒண்டரை போச்சு.

போன கிழமை திடீரெண்டு காக்காட போன். பாய்மரம் சரிஞ்சு போச்சாக்கும் எண்டு எனக்கு நெஞ்சு இடிச்சுது. மெல்லிய குரலில, பக்கத்தில ஆரோ நிக்கிற மாதிரி, கேட்டார்:

"தம்பி, அண்டைக்கு நீ போட்ட குளிசைட பேர் என்ன?"