ஒளிச்சு வச்ச வீட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

ஈசூன்_அம்மா:
வணக்கம். ஜூன் லீவுல பிள்ளைங்களோட ஹாலந்து போயிருந்தோம். ரெண்டாம் உலகப் போர்ல நாஜிங்ககிட்டேர்ந்து யூதர்கள ஒளிச்சு வச்ச டென் பூம் குடும்பத்தோட கடிகாரக் கடைய ஹார்லம் ஊர்ல பாத்தோம். மேல்மாடி ரூம்ல ஒரு துணி அலமாரி, கீழ்த்தட்டுக்குப் பின்னால பலகைய தள்ளுனா உள்ள ஒரு இடுக்கு, நம்ம சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூம் அளவுகூட இல்ல. 1944 பிப்ரவரி 28 ரெய்டு வந்தப்ப ஆறு பேர் அதுக்குள்ள 47 மணி நேரம் சத்தமில்லாம இருந்திருக்காங்க. பாத்துட்டு வந்ததுலேர்ந்து எனக்கு தூக்கமே சரியில்ல. என் பெரியவ செகண்டரி 3, ஹிஸ்டரி எடுக்குறா. "ரேஷன் காலத்துல கூடுதலா நாலு பேருக்கு சாப்பாடு எங்கேர்ந்தும்மா வரும்? பக்கத்து வீட்ல தெரியாதா? சின்னப் பிள்ளைங்க உளறிடாதா?"ன்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பழைய_வாத்தியார்:
உங்க மக சரியான இடத்துல கை வச்சிருக்காம்மா. எடம் கூட கெடச்சிடும், சோறுதான் கஷ்டம். பதிவுல பேர் இருந்தாத்தான் ரேஷன் கார்டு, ஒளிஞ்சவங்க எங்க போயி பதிவாங்க? அதனால கள்ளக் கார்டு அடிச்சாங்க, ரேஷன் ஆபீஸ்லயே புகுந்து அள்ளிட்டு வந்தாங்க. டென் பூம் வீட்டுப் பொண்ணு கோரி, உணவு ஆபீஸ்ல வேலை பாத்த ஒருத்தர்கிட்ட அஞ்சு கார்டு கேக்கலாம்னு போயி, வாயத் தொறந்தா நூறுன்னு வந்துடுச்சாம். அவரும் கொள்ளை நடந்த மாதிரி செட்டப் பண்ணி, நம்பணும்னு தானே அடி வாங்கி, கார்டை கொடுத்தாரு. ஒளிச்சு வச்ச பிள்ளைங்கள "ராட்டர்டாம்ல குண்டு விழுந்து வீடு போன சொந்தக்காரப் பிள்ளை"ன்னு சொல்லி வளத்தாங்க. 1940 மே மாசம் அந்த ஊர் நெசமாவே எரிஞ்சதால யாரும் பெருசா தோண்டல. அப்புறம் ஒரு விஷயம், ராத்திரி ரெய்டு வந்தா எந்திரிச்சு ஓடுறதுக்கு முன்னாடி மெத்தைய திருப்பிப் போடணும். சூடு இருந்தா ஆள் படுத்திருந்தது தெரிஞ்சிடும்ல. இதெல்லாம் டைம் வச்சு பழகியிருக்காங்க.

பக்கத்து வீட்ல பல பேருக்குத் தெரியும், பேசாம இருந்தாங்க. காட்டிக் கொடுத்தவங்களும் உண்டு, 1943ல தலைக்கு ஏழரை கில்டர் காசு. டென் பூம் வீட்டையும் உள்ளூர்க்காரன்தான் காட்டிக் கொடுத்தான். உள்ள இருந்த ஆறு பேரும் அந்த ரெய்டுல பிடிபடல, ஆனா கோரியோட எண்பது தாண்டுன அப்பா பிடிபட்ட பத்தே நாள்ல செத்துட்டாரு, அக்கா பெட்ஸி டிசம்பர்ல ராவன்ஸ்ப்ரூக் முகாம்ல. அந்த நாட்டுல இருந்த சுமார் 1,40,000 யூதர்கள்ல 1,00,000க்கு மேல கொன்னுட்டாங்க, அதையும் பிள்ளைகிட்ட சொல்லுங்க.

ஜூரோங்_கார்த்தி:
சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். போலந்துல இன்னும் மோசம், 1941 அக்டோபர்லேர்ந்து ஒளிச்சு வச்சாலே மரண தண்டனை. மார்கோவான்னு ஒரு கிராமம், உல்மா குடும்பம், புருஷன் பொஞ்சாதி ஆறு பிள்ளைங்க, அந்தம்மா வயித்துல ஏழாவது. வீட்ல எட்டு யூதர்கள். 1944 மார்ச் 24 விடியறதுக்குள்ள எல்லாரையும் சுட்டுட்டாங்க, பிள்ளைங்க உட்பட. அவங்க வீட்டு பைபிள்ல நல்ல சமாரியன் கதைக்கு சிவப்புல கோடு போட்டு பக்கத்துல "ஆமா"ன்னு எழுதியிருந்துச்சு. இதுக்கு அப்புறமும் அதே ஊர்ல மத்த வீடுகள்ல ஒளிஞ்சிருந்தவங்க ஏறக்குறைய இருபது பேர் போர் முடியுற வரை உயிரோட இருந்தாங்க. அத்தன பொணத்த பாத்துட்டும் அந்த வீட்டுக்காரங்க யாரும் "வெளிய போ"ன்னு சொல்லல, அதான் எனக்கு நெஞ்ச அடைக்குது.

சிராங்கூன்_பொண்ணு:
அக்கா, இங்க சிங்கப்பூர்லயும் இப்படி கொஞ்சம் இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல, அங்க ஒரு இனத்தையே அழிக்கப் பாத்தாங்க. ஆனா பிள்ளை உளறிடாதான்னு கேட்டீங்கல்ல, அதுக்காக சொல்றேன். எங்க பெரியம்மா சீனப் பிள்ளை. 1942 பிப்ரவரில ஜப்பான்காரன் சீன ஆம்பளைங்கள லாரில ஏத்திட்டுப் போன சமயம், பக்கத்து வீட்டு சீனத்தி அஞ்சு வயசுப் பொண்ண எங்க பாட்டி கையில குடுத்துட்டுப் போனவங்க திரும்பி வரல. பாட்டி எண்ணெய் வச்சு தலைய வாரி, பொட்டு வச்சு, லெட்சுமின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. மரவள்ளிக் கிழங்கயே எல்லாரும் பங்கு போட்டுத் தின்ன காலம். யாராவது வந்தா வாயத் தொறக்கக் கூடாது, தொறந்தா தமிழ்லதான் பேசணும், அடிக்காம மெரட்டாம மடில வச்சே பழக்குனாங்களாம். பிள்ளை உளறல.

ஈசூன்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார், மெத்தை விஷயத்த மக நோட்ல எழுதிக்கிட்டா. தங்கச்சி, உங்க பெரியம்மா சொந்தப் பேரு என்னன்னு கேக்கச் சொல்றா.

சிராங்கூன்_பொண்ணு:
தெரியாதுக்கா. ஐசி, அதான் அடையாள அட்டைல லெட்சுமிதான். பாட்டிகிட்ட நாங்க எத்தனையோ தடவ கேட்டோம், அந்தம்மா அவசரத்துல பேரச் சொல்லவே இல்லயாம். பெரியம்மாவும் பழகிப் பழகி மறந்துட்டாங்க.