சத்து மாவுக் கணக்கு: சால்வர் தீர்வே இல்லை என்கிறது, எங்கே தப்பு?

மாவரைப்பவள்:
வீட்டிலேயே சத்து மாவு அரைத்து விற்கிறேன். கேழ்வரகு, பாசிப்பருப்பு, வேர்க்கடலை, வெல்லம், நாலே சாமான். 100 கிராமில் வெல்லம் சரியாக 20, புரதம் 13 கிராமுக்குக் குறையக்கூடாது, ஆற்றல் 360-லிருந்து 400 கலோரிக்குள், செலவு குறைவாக வரணும் என்று, நிபந்தனைகளுக்குள் அடங்கும் சிறந்த விடையைத் தேடித் தரும் எக்செல் சால்வர் கருவியில் போட்டால் தீர்வு இல்லை என்றே வருகிறது. புரதத்தை 10 ஆக்கியும் அதே கதை. எண்கள் எல்லாம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் எடுத்தவை, அதில் தப்பு இருக்காது.

கணக்குப்புலி:
கேழ்வரகுக்கு ஆற்றல் என்ன போட்டிருக்கிறீர்கள் அக்கா?

மாவரைப்பவள்:
1342.

கணக்குப்புலி:
அட்டவணை சரிதான், ஆனால் அது கிலோஜூல் கணக்கு, கலோரி இல்லை. 4.184-ஆல் வகுத்தால் 321 கலோரி. நாலு சாமானும் ஆயிரத்துக்கு மேல் நிற்கும்போது எப்படிக் கலந்தாலும் 400-க்குள் இறங்காது, புரதத்தைக் குறைத்து என்ன பயன்? இனி இப்படி வந்தால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் ஓடுகிறதோ அங்கேதான் சிக்கல்.

மாவரைப்பவள்:
ஓடிவிட்டது! ஆனால் கடலை 36, கேழ்வரகு 38, பருப்பு 5 சொச்சம் என்கிறது. நான் வாங்கும் விலையில் பருப்பைவிடக் கடலை மலிவு, அதனால்தான் போல. இவ்வளவு கடலை போட்டால் மாவாகவே வராது தம்பி, எண்ணெய் விட்டு மெஷினில் அப்பிக்கொள்ளும், சீக்கிரமே சிக்கு வாடையும் வந்துவிடும்.

செக்கடி:
சால்வருக்கு நாக்கும் கிடையாது, மெஷினும் கிடையாது. 1945-ல் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 77 உணவுகளை வைத்து ஒரு ஆளுக்கு மலிவான சாப்பாடு எது என்று கணக்குப் போட்டார், கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ் என்று முடிந்தது. வருஷம் முழுக்க அதை யார் சாப்பிடுவது! கடலைக்கு நீங்களே ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

மாவரைப்பவள்:
முதலில் 15 வைத்தேன், 360 கலோரியை எட்டுவதற்காகப் பருப்பு 50-ஐத் தாண்டி எகிறிவிட்டது, விலை கட்டாது. 18 என்றதும் கேழ்வரகு 38, பருப்பு 24 என்று அடங்கியது. புரதம் 13, ஆற்றல் 364.

கணக்குப்புலி:
நல்ல கலவை. ஒன்று மட்டும், இவை வறுக்காத சாமானுக்கான எண்கள், அதனால் வறுப்பதற்கு முன்பே எடை போடுங்கள். பாக்கெட்டில் அச்சடிக்கிற எண்ணை மட்டும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

மாவரைப்பவள்:
சரி தம்பி, நாளைக்கு ஒரு கிலோ மட்டும் அரைத்துப் பார்க்கிறேன்.