சந்தியில சுற்றுவட்டம் வேண்டாமெண்டு சனம் நிண்ட இடங்கள்: கண்டதைப் பகிருங்கோ

குளக்கட்டு:
கூட்டத்தில படத்தைச் சுவரில ஒட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, பின்வரிசையில இருந்த நெல்லு வெட்டுற மெசின்காரர் எழும்பினார். "மெசினை ஏத்தின நீட்டு லொறி இதுக்குள்ள எப்பிடித் திரும்பும்?" ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அதோட கூட்டம் குழம்பிப்போச்சு. பதில் இல்லாத கேள்வியில்லை அது. நடுத்திட்டைச் சுத்தி 5 தொடக்கம் 7 செ.மீ. உயரத்தில, சரிவான விளிம்போட கல்லுப் பதிச்ச ஒரு அகலப் பட்டி போட்டால் லொறியின்ர பின்சில்லு அதில ஏறித் திரும்பும், கார் ஏற விரும்பாது. படத்தில அது கீறப்படவேயில்லை.

பாலையடி:
அளவை விடுங்கோ, ஆர் முதல் போறது எண்டதுதான் பிரச்சினை. புதுசாத் திறந்த ஒரு வட்டத்துக்குள்ள உழவு இயந்திரம் பெட்டியோட நிண்டு, வெளியில இருந்து உள்ளுக்க வர நிண்ட பஸ்ஸுக்கு மரியாதையா வழி விட்டுது. பின்னால ரெண்டு ஓட்டோ, ஒரு டிப்பர். ஒரு நிமிசத்தில நாலு பக்கமும் பூட்டு. உள்ளுக்க நிக்கக்கூடாது. வலப்பக்கத்தால வாறவருக்கு வெளியில நிக்கிறவர்தான் விடவேணும். இந்த ஒண்டைத் தெரியாட்டி எந்த வட்டமும் இறுகும். சனத்துக்கு இதை முதல் விளங்கப்படுத்தியிருந்தால் எதிர்ப்பே வந்திராது.

மருதங்குளம்:
பாலையடி, சனத்துக்கு விளங்கேல்ல எண்டு முடிக்காதேங்கோ. கடைக்காரர் சொன்னது மழைத்தண்ணியைப் பற்றி. வட்டத்தின்ர தார் வெளிப்பக்கம் சரியும், வீதியோரப் புதுக் கல்லுவரி பழைய வாய்க்காலை மறிக்கும், மாரியில தண்ணி கடைக்குள்ளதான். அது ஞாயமான பயம்.

நாலு வழிச் சந்தியில வாகனம் மோதக்கூடிய புள்ளி 32, ஒரு வாகன வரிசை மட்டும் சுத்துற வட்டத்தில 8. அதில சந்தேகமில்லை. அமெரிக்காவில கன்சாஸ், மேரிலாந்து, நெவாடா மாநில ஊர்களில கேட்டு 2002 இல வெளிவந்த ஆய்விலயும் கட்டமுன் 31 வீதம்தான் ஆதரவு, கட்டின பிறகு 63. ஆனால் பிழையாக் கட்டினால் மனம் மாறாது.

ஆகவே கொங்கிறீற்றுக்கு முதல் வட்டத்தைச் சுண்ணாம்பால கீறுங்கோ. கோட்டில வைக்க வெள்ளையடிச்ச பழைய ரயர், மண்மூட்டை போதும். சந்தை நாளும் பள்ளிக்கூடம் விடுற நேரமும் அகப்பட ரெண்டு கிழமை விடுங்கோ. 12 மீற்றர் பஸ்ஸை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கோ. மூண்டு வழிச் சந்திக்குக் கீறினதை நாலு வழிச் சந்திக்குத் தூக்கி வைக்காதேங்கோ. மஞ்சள் கடவையை நிப்பாட்டுக் கோட்டிலயிருந்து ஒரு கார் நீளம், 6 மீற்றரளவு, பின்னுக்குத் தள்ளுங்கோ. லைற் நடுவில மட்டும் வேண்டாம், நுழையிற வாயிலயும் போடுங்கோ. இரவில சூட்டுத் தாரில மாடு படுக்கிற ஊர் எங்கட. நடுவில சிலை வைச்சால் மாலை போடச் சனம் ஓடுற வாகனத்துக்குக் குறுக்கால போகும், அதையும் யோசியுங்கோ.

குளக்கட்டு:
மருதங்குளம் சொன்ன ரயர் வேலை சரி. ஒண்டைச் சேர்க்கிறன்: ஒவ்வொரு பின்னேரமும் எந்த ரயர் தள்ளுப்பட்டிருக்கு, எதில கறுப்புத் தேய்ச்சல் கிடக்கு எண்டு பார்த்து, அந்த இடத்தில வாகனத்துக்கு இடம் கூடுறமாதிரிக் கோட்டை ஒரு முழம் தள்ளிக் கீறுங்கோ. மெசின்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ.