திடீர் வறட்சியா, முடுகு வறட்சியா?

சில வாரங்களிலேயே முற்றிவிடும் வறட்சியை ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ் டிராட்’ என்கிறார்கள். அதைத் ‘திடீர் வறட்சி’ என்றே வைத்துவிடலாமே, ‘திடீர் வெள்ளம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். ஒருமுறை “திடீர் வறட்சியை இரண்டு வாரம் முன்பே கணிக்கலாம்” என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது உறுத்தியது. முன்பே தெரிந்துவிட்டால் அதில் என்ன திடீர்?

பொருளைப் பார்ப்போம். வழக்கமான வறட்சி மாதக்கணக்கில் மெல்ல முற்றும். இதுவோ மழை நின்ற கையோடு வெயிலும் காற்றும் சேர்ந்து சில வாரங்களில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுவது. மக்காச்சோள இலை முதலில் நண்பகலில் மட்டும் குழல்போல் சுருளும், மாலையில் விரியும். அப்புறம் காலையிலும் விரியாது. 2012 கோடையில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் நடந்தது இதுதான். ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்களில் ஒன்று: மண் ஈரம் 40ஆம் சதமானத்திலிருந்து (அதே பருவத்தின் பல ஆண்டு அளவுகளில் 40 விழுக்காடு அதைவிடக் குறைவாக இருக்கும் நிலை) 20க்குக் கீழே 20 நாளுக்குள் இறங்க வேண்டும். ஆக, இலக்கணமே வேகம்தான்.

அமெரிக்க ஆய்வாளர் மெக்கீ குழுவினர் 1993இல் தந்த மழைக் குறியீடு (எஸ்பிஐ), பெய்த மழை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்வது; இந்த வேகத்தைக் காட்டாது. 12 மாத மழையைக் கூட்டிக் கணக்கிட்டால் அது அசையாமல் இருக்கும்போதே பயிர் காய்ந்துவிடும். அரைவறள் நிலத்தில் இன்னொரு தொல்லை: மழையில்லா மாதங்களில் இயல்பான அளவே பூச்சியத்தை ஒட்டியது என்பதால், நாலைந்து மில்லிமீட்டர் பெய்தாலே குறியீடு எகிறும். அதனால்தான் காற்று எவ்வளவு நீரைக் கேட்கிறது என்ற ஆவியாதல் தேவையையும் சேர்த்துக் கண்காணிக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘மின்னல் வறட்சி’ பத்திரிகைத் தலைப்புக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ‘விரைவறட்சி’யில் கண் தடுக்குகிறது; ‘விரைவு + அறட்சி’ என்று பிரித்துப் படித்துவிட்டு, அறட்சி என்றால் என்ன என்று தேடினேன்! ‘கடு’ என்பதில் விரைவும் உண்டு, ஆனால் எஸ்பிஐ குறியீட்டில் (பூச்சியம் என்றால் இயல்பு) −1.5க்கும் −2க்கும் இடைப்பட்டதைக் ‘கடும் வறட்சி’ என்கிறோம், குழப்பம் வரும். ‘கடுகு வறட்சி’ என்றால் தாளிக்கக் கடுகு கிடைக்கவில்லையோ என்பார்கள்.

என் பரிந்துரை ‘முடுகு வறட்சி’. முடுகுதல் என்றால் விரைதல். பள்ளி இயற்பியலில் ‘முடுக்கம்’ படித்தவருக்கு வேர் புதிதல்ல, வேகம் கூடிக்கொண்டே போவதும் உடனே புரியும். வினையாகவும் வளைகிறது: “இம்மாதம் வறட்சி முடுகக்கூடும்”, “முடுகும் அறிகுறி தெரிகிறது”. திடீரை வைத்து இப்படி ஒரு வினை எழுதிப் பாருங்கள்.

‘முடுக்கு’ என்றால் சந்து என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தெரியும். ஆனால் இது வல்லினம் இரட்டிக்காத முடுகு. ‘முடுக்கு வறட்சி’ என்று யாராவது எழுதினால் மட்டும் திருத்திவிடுங்கள்.